ஃபாயில் அட்டை வளைவது வெயிலாலா, ஈரத்தாலா? (அட்டை சேமிப்பு இழை)

ஃபாயில்பித்தன் · 11 மே 2024, இரவு 9:50

போகிமான் சேகரிப்பு அட்டை, 151 செட். பளபளக்குற ஃபாயில் அட்டை மட்டும் நாற்பது ஐம்பது இருக்கும். சாதா அட்டை ஒரு ஆயிரம். எல்லாம் ஸ்லீவ் (மெல்லிய பிளாஸ்டிக் உறை) போட்டு, ரப்பர் விளிம்பு வச்ச பிளாஸ்டிக் டப்பாவில், பீரோவுக்குள்ள. சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டிருக்கேன். அப்படியும் ஃபாயில் அத்தனையும் பிரிங்கிள் சிப்ஸ் மாதிரி வளைஞ்சு நிக்குது. சாதா அட்டைக்கு ஒண்ணும் ஆகல. அக்னி நட்சத்திர வெயில்தான் காரணம், வேற என்ன. சென்னை வேளச்சேரி, மேல்மாடி. டப்பாவோட ஃப்ரிட்ஜில் வச்சுடலாமா?

தராசு · 11 மே, 10:35

ஃப்ரிட்ஜ் வேண்டாம், காரணம் பிறகு. ஓர் அட்டையை ஸ்லீவிலிருந்து எடுத்து, படம் மேலே தெரிய மேசையில் வையுங்கள். விளிம்பு தூக்குகிறதா, நடு உப்புகிறதா?

ஃபாயில்பித்தன் · 11 மே, 10:41

விளிம்புதான். ரெண்டு ஓரமும் மேல வருது.

தராசு · 11 மே, 11:20

அப்படியானால் ஈரம். வெயில் இல்லை.

ஃபாயில் அட்டையின் முன்பக்கம் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் படலம், அதன் பின்னால் காகிதம். படலம் ஈரத்தைச் சட்டை செய்யாது. காகிதம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து உப்பும், காற்று காய்ந்தால் சுருங்கும். பின்பக்கம் நீண்டு முன்பக்கம் அப்படியே நின்றால், அட்டை படத்தின் பக்கமாக வளைந்தே தீரும். காய்ந்த ஊரில் நேரெதிர்: காகிதம் சுருங்கும், நடு உப்பும், விளிம்பு கீழே இறங்கும். வளைகிற திசையே நோயைச் சொல்லிவிடும், ஈரமானியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

சாதா அட்டையும் உப்பத்தான் செய்கிறது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி காகிதம், ஒரே மாதிரி பூச்சு என்பதால் இரண்டு பக்கமும் சேர்ந்து உப்புகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. "ஒண்ணும் ஆகல" என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

அட்டை நான்கு மூலையும் ஒரே சீராகத் தூக்காமல் ஒரு பக்கமாக உருளப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. காகித நார் ஈரம் பட்டால் நீளவாக்கில் அதிகம் வளராது, குறுக்கேதான் பருக்கும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதை அச்சாக வைத்து அட்டை உருளும்.

தராசு · 12 மே, காலை 7:15

ஜெல் பாக்கெட் இருந்தும் ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் முக்கியமான கேள்வி.

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 30 கிராம் அளவுக்கு நீராவி தங்கும். உங்கள் டப்பா 10 லிட்டர், ஈரப்பதம் 80% என்றால் உள்ளே உள்ள காற்றில் கால் கிராம் தண்ணீர்கூட இல்லை. அதை 50 சதவீதத்துக்கு இறக்க ஒரு சின்ன பாக்கெட்டே தாராளம். ஆனால் தண்ணீர் காற்றில் இல்லை, அட்டைக்குள் இருக்கிறது. 80% காற்றில் ஊறிய அட்டை 50 சதவீத நிலைக்கு வர, கிலோவுக்குச் சுமார் 30 கிராம் நீரை விட்டாக வேண்டும். ஆயிரம் அட்டை ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ. ஆக 50 கிராமுக்கு மேல் தண்ணீர்.

50% ஈரப்பதத்தில் சிலிக்கா ஜெல் தன் எடையில் கால் பங்குதான் பிடித்து வைக்கும். ஷூ டப்பாவில் வரும் 5 கிராம் பாக்கெட் என்றால் ஒரு கிராமும் கொஞ்சமும். 50 கிராமை இழுக்க 200 முதல் 250 கிராம் ஜெல் வேண்டும், அதுவும் நன்றாகக் காய்ந்த ஜெல். உங்களிடம் இரண்டு பாக்கெட்.

ரப்பர் விளிம்பு டப்பா நல்ல டப்பாதான். ஈரமான அட்டையை உள்ளே போட்டுப் பூட்டினால் அது ஈரத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். முதலில் அட்டையை உலர்த்த வேண்டும், பிறகு மூட வேண்டும். இந்த வரிசையைத் தவறவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டப்பாவாலும் பயனில்லை.

ஃபாயில்பித்தன் · 12 மே, 8:02

பாஸ், அப்ப எப்படி உலர்த்துறது? வெயில்ல காய வைக்கலாமா? வடாம் மாதிரி?

தராசு · 12 மே, 8:30

வடாமுக்கு வெயில் நல்லது. அட்டைக்கு ஏசி அறை.

24, 25 டிகிரி. ஈரமானி 45 முதல் 55 வரை காட்ட வேண்டும். ஏசியில் டிரை மோட் இருந்தால் அதைப் போடுங்கள். ஃபாயில்களை மட்டும் ஸ்லீவிலிருந்து எடுத்து, சுத்தமான துணி விரித்த தட்டில் ஒற்றை ஒற்றையாகப் பரப்பி, மேலே ஒரு மெல்லிய துணி. மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம், பறந்து போய் மூலை இடிக்கும். தனி அட்டை ஓரிரு நாளில் காற்றோடு சமநிலைக்கு வந்துவிடும். கட்டாக இருக்கும் சாதா அட்டைக்கு வாரக் கணக்கு ஆகும், ஏனென்றால் ஈரம் ஓரங்கள் வழியாகத்தான் வெளியேற முடியும். பத்துப் பதினைந்தாகப் பிரித்து, கொஞ்சம் விசிறிபோல் விரித்து நிறுத்தினால் வேகம் கூடும்.

ஏசி இரவில் மட்டும் ஓடுகிற வீடா? ஏசி போட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து வையுங்கள், காலையில் ஏசியை நிறுத்துவதற்கு முன்பே மூடுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்யலாம். காலையில் மூட மறந்தால் இரவு விட்ட ஈரம் பகலில் திரும்பிவிடும்.

ஈரம் இறங்கிய பிறகும் வளைவு கொஞ்சம் மிச்சம் இருந்தால் ஸ்லீவ் போட்டு, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, மேலே இரண்டு மூன்று கிலோ புத்தகம். இரண்டு வாரம் பொறுங்கள். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால், எடுத்ததும் மறுபடி வளையும். இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர், மைக்ரோவேவ் மூன்றும் வேண்டாம். மைக்ரோவேவில் அலுமினியப் படலம் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

பழைய_பேப்பர் · 12 மே, 1:10

ஃப்ரிட்ஜ் காரணம் பாக்கி.

தராசு · 12 மே, 2:05

வெளியே 32 டிகிரி, 70% என்று வையுங்கள். அந்தக் காற்றுக்கு நடுவில் 26 டிகிரிக்குக் கீழே எதை வைத்தாலும் அதன்மேல் நீர் கோக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து வரும் டப்பா 5 டிகிரி. திறந்த நொடியில் ஸ்லீவும் அட்டையும் வியர்க்கும். ஃப்ரிட்ஜ் கெடுதல் செய்வது உள்ளே இருக்கும்போது அல்ல, வெளியே எடுக்கும்போது.

இது ஏசி அறைக்கும் பொருந்தும், பலரும் கவனிப்பதில்லை. 22 டிகிரி அறையிலிருந்து அட்டை போட்ட டாப்லோடரை (விறைப்பான பிளாஸ்டிக் உறை) எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்ப் படம் பிடித்தால், பிளாஸ்டிக்கின் உள்பக்கம்கூட மங்கலாகும். மூடிய டப்பாவோடு வெளியே கொண்டுபோய், ஒரு மணி நேரம் விட்டு, பிறகு திறங்கள். கனமான பெட்டி என்றால் இன்னும் நேரம் கொடுங்கள்.

அரிசிமூட்டை · 13 மே, 11:20

போன் தண்ணில விழுந்தா அரிசில போடுவாங்களே, அட்டை டப்பால ஒரு படி அரிசி போட்டா?

தராசு · 13 மே, 11:48

வண்டு வரும். வண்டுக்குப் பின்னால் தவிட்டுத் தூள், தூளுக்குப் பின்னால் பூச்சி. நம் சமையலறை அரிசி ஏற்கெனவே நம் ஊர் ஈரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, அது அட்டையிலிருந்து எதை இழுக்கப்போகிறது? பொங்கலுக்கு வையுங்கள்.

பீரோவில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் பை பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கும் இங்கேயே: அது கால்சியம் குளோரைடு. உறிஞ்சும் ஈரம் உப்புத் தண்ணீராகி அடியில் தேங்கும். துணி பீரோவுக்குச் சரி. அட்டை இருக்கும் அதே தட்டிலோ மேல்தட்டிலோ வேண்டாம். ஒரு பை ஒழுகினால் கீழே இருக்கும் கட்டு முழுக்க உப்பு பிடித்துவிடும்.

ஜூரோங்_மேற்கு · 15 மே, இரவு 10:15

சிங்கப்பூர்ல வருஷம் முழுக்க ஈரப்பதம் சராசரியா 80க்கு மேலதான். நான் சொல்ல வந்தது, இங்க கேமராக்காரங்க வாங்குற, ஈரத்தைத் தானே கட்டுப்படுத்துற டிரை கேபினட் அலமாரிதான் எல்லாரும் வச்சிருக்கோம். 50ல செட் பண்ணா போதும். உங்க கணக்கெல்லாம் எதுக்கு, தராசு?

தராசு · 15 மே, 11:00

கேபினட் இருந்தால் கணக்கு வேண்டாம், உண்மைதான். மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். கடைக்காரர் கேமரா லென்ஸுக்கு என்று 35, 40இல் வைத்துக் கொடுப்பார், அட்டைக்கு 45 முதல் 50. அதன் கதவில் உள்ள மீட்டரை அப்படியே நம்பாதீர்கள், தனியாக ஒன்று உள்ளே வையுங்கள். மூன்றாவது, ஆயிரக்கணக்கில் ஈரமான அட்டையை ஒரே நாளில் திணித்தால் மீட்டர் 50 காட்டும், கட்டின் நடுவில் 75 இருக்கும். மேலே 12ஆம் தேதி போட்ட கணக்கு இங்கேயும் அதேதான்.

தராசு · 16 மே, காலை 6:50

மீட்டர் பேச்சு வந்ததால். மலிவு விலை டிஜிட்டல் ஈரமானி 5 புள்ளி முன்பின் காட்டுவது சகஜம். சோதிக்கக் கடைக்குப் போக வேண்டாம்.

தண்ணீர் பாட்டில் மூடியில் முக்கால் அளவு உப்பு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதம் வந்ததும் நிறுத்துங்கள். உப்பு கரைந்து தெளிந்துவிடக் கூடாது, கரையாத உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் போட்டு மூடி, ஏசி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் விடுங்கள். பைக்குள் காற்று 75 சதவீதத்தில் நிற்கும், 20 டிகிரியானாலும் 30 டிகிரியானாலும் ஏறக்குறைய அதேதான். மீட்டர் 70 காட்டினால் அது 5 குறைத்துச் சொல்கிறது. அதன் முதுகில் "+5" என்று எழுதி ஒட்டுங்கள், முடிந்தது. உப்பு மீட்டரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டொரோன்டோக்காரன் · 19 மே, காலை 4:40

எங்களுக்குத் தலைகீழ். குளிர்காலத்தில ஹீட்டர் போட்டா வீட்டுக்குள்ள ஈரப்பதம் 20, 25 தான். சிங்கப்பூரில இருந்து மச்சான் அனுப்பின ஃபாயில் எல்லாம் வந்து பத்து நாளில நடு உப்பிப் போச்சு. அவன் நேரா இருந்ததுன்னு சத்தியம் பண்றான்.

தராசு · 19 மே, 9:10

மச்சான் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு ஈரம் கொடுக்க வேண்டும். போவேடா 49% பை போன்ற, ஈரத்தைக் கொடுக்கவும் வாங்கவும் தெரிந்த பைகள் அங்கே எளிதாகக் கிடைக்கும். கிதார் பெட்டிக்கு விற்பதும் அதே 49 தான். சுருட்டுக்கு விற்கும் 65, 69 பைகளை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள், அது பூஞ்சையின் வாசல்.

இந்தப் பைகளைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு சொல். சரிசெய்து மூடிய டப்பாவை அதே இடத்தில் பிடித்து வைக்க அவை உதவும். நனைந்த டப்பாவை உலர்த்த உதவாது. சென்னையில் திறந்த பீரோவில் போட்டால் சீக்கிரமே ஈரம் குடித்து, உப்பித் தளதளவென்று ஆகிவிடும். பிறகு அது வெறும் பை.

ஃபாயில்பித்தன் · 26 மே, இரவு 8:20

ஒரு வாரம் ராத்திரி ஏசில வச்சேன். முக்கால்வாசி நேராயிடுச்சு. 250 கிராம் ஜெல் ஆரஞ்சு கலர் வாங்கிட்டேன். அப்படியே கொட்டிடவா?

தராசு · 26 மே, 9:05

வேண்டாம்! இப்போது அட்டை காய்ந்துவிட்டது. எலும்பாகக் காய்ந்த ஜெல்லை 250 கிராம் போட்டால் டப்பா 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கும், டொரோன்டோ உங்கள் பீரோவுக்குள் வந்துவிடும். ஜெல்லை முதலில் பழக்க வேண்டும்.

100 கிராம் காய்ந்த ஜெல்லை எடை போடுங்கள். ஈரமானி 50 காட்டும் ஏசி அறையில் தட்டில் பரப்பி, ஏசியை நிறுத்தும் முன் டப்பாவில் மூடி, மறுநாள் மறுபடி பரப்பி, எடை ஏறுவது நிற்கும்வரை விடுங்கள். சுமார் 125 கிராமில் நிற்கும். அந்த நிலையில் துணிப் பையில் கட்டி உள்ளே வைத்தால், ஈரம் ஏறினால் வாங்கிக்கொள்ளும், இறங்கினால் கொடுக்கும். சமையலறைத் தராசில் 130ஐத் தாண்டியதும் வெளியே எடுங்கள். நிறம் மாறுவதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், நிறம் தாமதமாகத்தான் சொல்லும்.

திரும்பக் காயவைக்க: ஓவனில் 110, 115 டிகிரி, இரண்டு மூன்று மணி நேரம். 120ஐத் தாண்டினால் ஆரஞ்சு நிறச் சாயம் கருகி, அதன்பின் நிறமே மாறாது. ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பழைய வாணலியில் சிறு தீயில் மெல்லிய படுகையாகப் பரப்பிக் கிளறலாம். நீல ஜெல் என்றால் அதில் கோபால்ட் இருக்கிறது, சமைக்கும் பாத்திரத்தை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நீல ஜெல்லை வாங்காமலே இருப்பது நல்லது.

இன்னொரு வழி, காசில்லா வழி: டப்பாவில் காலி இடம் விடாதீர்கள். உலர்த்திய சாதா அட்டைகளால் நிரப்புங்கள். மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் பாருங்கள், ஆயிரம் சாதா அட்டை தன்னுள் 50 கிராம் நீரை வாங்கிக்கொள்ளக்கூடிய பஞ்சு. ஒரு ஃபாயிலுக்கு அதைவிடப் பெரிய காவல் இல்லை. யாரும் வாங்காத அந்தப் பொது அட்டைகளுக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கட்டும்.

பழைய_பேப்பர் · 2 ஜூன், 3:30

எல்லாரும் ஈரம் ஈரம்னு ஃபாயிலையே பேசுறீங்க. பிளாஸ்டிக் பத்தி யாராவது சொல்லுங்க. ஃபேன்ஸி ஸ்டோர்ல கிடைக்கிற ஆல்பம் தாள்ல வச்ச பழைய கிரிக்கெட் அட்டைங்க ஒட்டிக்கிட்டு, எண்ணெய்ப் பசையா இருக்கு. வாசனை வேற.

தராசு · 2 ஜூன், 5:15

மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக். புது ரெயின்கோட் வாசனை அடித்தால் அதுதான். பிவிசியை மெத்தென்று ஆக்கச் சேர்த்த எண்ணெய் மெல்லக் கசிந்து மையை இளக்குகிறது. வெப்பம் கசிவை வேகப்படுத்தும். உடனே எடுங்கள். ஒட்டியிருந்தால் அட்டையை இழுக்காமல், தாளின் ஓரத்தை வெட்டித் திறந்து, பிளாஸ்டிக்கைத் தாழ்வாக, அட்டையோடு ஒட்டினாற்போல் மடக்கி உரியுங்கள். அட்டை தட்டையாகக் கிடக்க வேண்டும், பிளாஸ்டிக்தான் வளைய வேண்டும்.

என்ன பிளாஸ்டிக் என்று தெரியாதபோது ஒரு துண்டு வெட்டி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் முக்கி விடுங்கள். சோப்பு எதற்கென்றால், இல்லாவிட்டால் மூழ்க வேண்டியதும் மேல்படலத்தில் மிதந்து ஏமாற்றும். பாலிப்ரொப்பிலீன், பாலித்தீன் மிதக்கும், இரண்டும் பாதுகாப்பானவை. பிவிசி மூழ்கும்.

பழைய_பேப்பர் · 2 ஜூன், 6:00

மைலார்னு சொல்ற பாலியஸ்டரும் மூழ்குமே? அது ஆவணக் காப்பகத்துக்கே நல்ல பொருள். அப்புறம் டாப்லோடரும் பிவிசிதான். அதையும் தூக்கிப் போடச் சொல்றீங்களா?

தராசு · 2 ஜூன், 6:40

இரண்டும் சரி. மூழ்கியதெல்லாம் கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூழ்கியதற்கு மட்டும் இரண்டாவது சோதனை: செம்புக் கம்பியை இடுக்கியில் பிடித்துத் தீயில் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டினால் பிவிசிக்குத் தீ பச்சையாகும், பாலியஸ்டருக்கு ஆகாது. மொட்டைமாடியில் செய்யுங்கள், அந்தப் புகையை மூக்கில் ஏற்றாதீர்கள்.

டாப்லோடர் விறைப்பான பிவிசி, மெத்தென்ற ஆல்பம் தாளில் இருக்கும் அளவுக்கு எண்ணெய் அதில் இல்லை. ஆனாலும் அட்டை நேராக அதைத் தொடக் கூடாது, நடுவே பென்னி ஸ்லீவ் என்கிற மெல்லிய உறை கட்டாயம். ஸ்லீவின் வாயில் ஒரு மூலையைக் கத்தரியால் சாய்வாகக் கொஞ்சம் வெட்டிவிட்டால் அட்டையின் மூலை மாட்டாமல் வழுக்கி இறங்கும். மூலை கெடுவது பெரும்பாலும் போடும்போதுதான்.

அளவும் பார்த்து வாங்குங்கள். சாதாரண டாப்லோடர் 35 பாயின்ட். ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 35 பாயின்ட் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். போகிமான் அட்டை 0.3 மி.மீ. அளவு, உள்ளே ஆடும், ஆனால் பரவாயில்லை. வீரரின் சட்டைத் துணித் துண்டு வைத்த தடித்த கிரிக்கெட், கால்பந்து அட்டைகளை அதில் திணித்தால் ஓரம் நசுங்கும், அவற்றுக்கு 100, 130, 180 என்று தனியாக உண்டு. யூகியோ அட்டை 59க்கு 86 மி.மீ., போகிமான் 63க்கு 88. யூகியோவை போகிமான் ஸ்லீவில் போட்டால் ஆடி ஆடியே ஓரம் வெளுக்கும்.

ராமபாணம் · 8 ஜூன், இரவு 11:30

என் பேரே பிரச்சினை. வெள்ளிப்பூச்சி அட்டை ஓரத்தை அரிச்சிருக்கு. பாச்சை உருண்டை போட்டா போதுமா?

தராசு · 9 ஜூன், 7:00

டப்பாவுக்குள் வேண்டவே வேண்டாம். பாச்சை உருண்டையின் ஆவி பாலிஸ்டைரீன் போன்ற தெளிவான கடின பிளாஸ்டிக்கை இளக்கும், மங்கலாக்கும். அட்டையில் வாசனை ஏறினால் இறங்காது, விற்கப் போனால் வாங்குபவர் மூக்கைச் சுளிப்பார்.

இராமபாணப் பூச்சிக்கு வேண்டியது ஈரமும் மாவுச்சத்தும். 50 சதவீதத்தில் அது பிழைக்கத் திணறும். அரித்த அட்டைகளைத் தனியாகப் பிரித்து, மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, வேறு டப்பாவில் ஒரு மாதம் கண்காணியுங்கள். பழைய காகிதப் பெட்டி, செய்தித்தாள் விரிப்பு இரண்டையும் பீரோவிலிருந்து அகற்றுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துங்கள். வெளிச்சுவரில் ஓதம் ஏறினால் பீரோவின் முதுகுத் தகடுதான் முதலில் குளிரும், அங்கேதான் நீர் கோக்கும்.

தராசு · 9 ஜூன், 7:20

ரப்பர் பேண்ட் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கண்டிப்பாக யாரோ ஒருவர் டிரம்ப் கார்டுக் கட்டுக்கு இப்போதும் போட்டு வைத்திருப்பார். நாலு ஓரத்திலும் பள்ளம் விழும். அத்தோடு நிற்காது. நம் வெயிலில் ரப்பர் இளகி, பிசினாகி, பிறகு காய்ந்து பழுப்புக் கோடாக அட்டையில் படிந்துவிடும். அதைச் சுரண்டினால் மேல்பூச்சும் சேர்ந்து வரும். அட்டையைக் காகிதப் பட்டையால் தளர்வாகச் சுற்றி வையுங்கள்.

பரண்மேல் · 21 ஜூன், 2:15

வெயிலுக்கு ஒரு பங்கும் இல்லேங்கிற மாதிரி பேசுறீங்களே.

தராசு · 21 ஜூன், 9:40

உண்டு. ஃபாயில் வளைவதற்குக் காரணம் அது இல்லை என்றுதான் சொன்னேன்.

மேல்மாடிப் பரண் சூட்டில் ஈரம், மை, பசை எல்லாவற்றின் வேலையும் வேகமாக நடக்கும். 1990களின் தொடக்கத்தில் வந்த பளபளப்புப் பூச்சு அட்டைகள், உதாரணத்துக்கு டாப்ஸ் ஸ்டேடியம் கிளப், கட்டாக ஒட்டிக் கல்லாகிவிடும். அப்படி ஒட்டியதை நகத்தால் பிரிக்காதீர்கள். ஒரு வாரம் 50 சதவீதத்தில் வைத்து, பிறகு கட்டை இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் மிக லேசாக இப்படியும் அப்படியும் வளைத்தால் "டிக்" என்று விடும் இடம் விடும். விடாத இடத்தில் பலம் காட்டினால் படம் ஒன்றில், வெள்ளைக் காகிதம் மற்றொன்றில்.

வெயிலில் நிற்கும் கார் இன்னும் மோசம். டாஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும், டாப்லோடர் கோணலாகி, உள்ளே உள்ள அட்டையையும் தன் கோணலுக்கு இழுக்கும். தபாலில் அனுப்பும்போது டாப்லோடர் வாயில் செலோ டேப் ஒட்டாதீர்கள். வேனின் சூட்டில் பசை கசிந்து உள்ளே இறங்கும், அட்டையை வெளியே தள்ளும்போது சரியாக அந்தப் பசைமேல் உரசும். பெயின்டர் வேலைக்கு வரும் நீல டேப், ஒரு முனையை மடக்கி உரிக்க வாகாக விட்டு ஒட்டுங்கள்.

வெளிச்சமும் தனி விவகாரம். யுவி தடுக்கும் அக்ரிலிக் சட்டம் புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கிறது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மையை வெளுக்கும். ஷார்ப்பி மார்க்கரில் போட்ட கையெழுத்து அதைவிட வேகமாக வெளுக்கும். காட்சிக்கு வைத்தே ஆக வேண்டுமென்றால் எல்இடி விளக்கு, ஜன்னலுக்கு எதிரே இல்லாத சுவர், மாதம் ஒரு முறை அட்டையை மாற்றுவது.

ஜூரோங்_மேற்கு · 14 ஜூலை, இரவு 9:00

ஸ்லாப் பண்ணிட்டா, அதாவது கெட்டி பிளாஸ்டிக் கூட்டுல பூட்டிட்டா, இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே. பிஎஸ்ஏ மாதிரி கிரேடிங் (தரம் பார்க்குற) கம்பெனிக்கு அனுப்பிட்டு நிம்மதியா இருங்க.

தராசு · 14 ஜூலை, 10:25

ஸ்லாப் காற்றுப்புகாதது அல்ல. ஓரங்களை ஒட்டியிருந்தாலும் நீராவி மெதுவாக நுழையும். ஸ்லாப்புக்குள்ளேயே ஃபாயில் வளைந்து, பிளாஸ்டிக்கை முட்டிக்கொண்டு நிற்பது சாதாரணமாகப் பார்க்கும் காட்சிதான். அங்கே எடை வைத்து நேராக்கவும் முடியாது. வளைந்த அட்டையை நேராக்கிய பின்பே அனுப்புங்கள், வந்த ஸ்லாப்பையும் அதே 50 சதவீத டப்பாவில்தான் வையுங்கள். அனுப்ப டாப்லோடரைவிட, வளையக்கூடிய அரைவிறைப்பு உறை நல்லது. கிரேடிங் நிறுவனங்களும் அதைத்தான் விரும்புகின்றன.

வேக்குவம் பையில் போட்டு உறிஞ்சுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: காற்றழுத்தம் அட்டையின் ஓரத்தை நசுக்கும். மீனுக்கு அது சரி.

வேளச்சேரி_தரைத்தளம் · 3 அக்டோபர், 7:45

போன டிசம்பர் மிக்ஜாம் புயல்ல தண்ணி உள்ள வந்துச்சு. இந்த ஐப்பசிக்கு என்ன பண்ணி வைக்கணும்? நனைஞ்சா என்ன செய்யணும்னும் சொல்லுங்க.

தராசு · 3 அக்டோபர், 9:30

தரையிலிருந்து மேலே ஏற்றுங்கள், பீரோவின் மேல்தட்டாவது. சூடு என்று ஒதுக்கிய பரணிலும் மழைக்காலத்தில் மட்டும் வைக்கலாம்.

நனைந்தால் நேரம்தான் எதிரி. அட்டையின் பளபளப்புப் பூச்சு ஈரத்தில் இளகியிருக்கும். அடுக்காகக் கிடந்து காய்ந்தால் ஒட்டிக் கட்டியாகிவிடும், அதன்பின் பிரிக்க வழியில்லை. காய்வதற்குள் ஸ்லீவை வெட்டித் திறந்து, சேறு இருந்தால் சுத்தமான தண்ணீரில் அலசி (தேய்க்காமல்), கொசுவலைத் துணிமேல் ஒற்றையாகப் பரப்புங்கள். மேல் ஈரம் போனதும் டிஷ்யூ தாள்களுக்கு நடுவே லேசான எடை, தாளை அடிக்கடி மாற்றுங்கள்.

நூற்றுக்கணக்கில் நனைந்து, கரன்டும் இல்லாமல், எல்லாவற்றையும் ஒரே நாளில் பரப்ப முடியாதா? மிச்சத்தைச் சின்னச் சின்னக் கட்டாக ஜிப் பையில் போட்டு, கரன்ட் உள்ள யார் வீட்டு ஃப்ரீசரிலாவது வையுங்கள். உறைந்தால் காயாது, காயாவிட்டால் ஒட்டாது. பிறகு ஒவ்வொரு கட்டாக எடுத்து, பையிலேயே இளகவிட்டுப் பிரிக்கலாம். ஆவணக் காப்பகங்கள் நனைந்த பூச்சுக் காகிதத்துக்குச் செய்வதும் இதுதான்.

ஃபாயில்பித்தன் · 3 அக்டோபர், 9:34

பார்த்தீங்களா! நான் முதல்லயே ஃப்ரிட்ஜ்னு சொன்னேன்.

தராசு · 3 அக்டோபர், 9:50

வெள்ளம் வந்தால் உங்கள் வீட்டு ஃப்ரீசரைத்தான் எல்லோருக்கும் கைகாட்டுவேன்.

ஃபாயில்பித்தன் · 17 நவம்பர், காலை 10:10

டப்பா மூடி ஒரு மாசமாச்சு. ஃபாயில் எல்லாம் நேரா இருக்கு. ஆனா மழை ஆரம்பிச்சதுல இருந்து மீட்டர் 50ல இருந்து 57க்கு வந்திருக்கு. திறக்கவே இல்ல, சத்தியமா.

தராசு · 17 நவம்பர், 11:00

மூடி கசிகிறது. மீட்டருக்கு முன் தராசு சொல்லியிருக்கும்: மாதம் பிறந்ததும் டப்பாவை அப்படியே மூடியபடி எடை போடுங்கள். 5 கிலோ வரை, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். உள்ளே வருவது ஈரம் மட்டும்தான், எடை ஏறினால் அது தண்ணீர். ஆயிரம் அட்டை டப்பாவில் 10 கிராம் ஏறினால் ஏறக்குறைய 6 புள்ளி ஈரப்பதம் ஏறியதாக அர்த்தம். உங்களுக்கு 12 கிராம் ஏறியிருக்கும், பாருங்கள்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க, பில் தாளில் விரல் அகலத் துண்டு வெட்டி, விளிம்பில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். நாலு பக்கமும், மூலைகளிலும். எங்கே தாள் தடையில்லாமல் வழுக்கி வருகிறதோ அங்கேதான். ரப்பர் வளையத்தைப் பள்ளத்திலிருந்து கழற்றிப் பார்த்தால் ஒரு தலைமுடியோ, ஸ்லீவ் வெட்டிய மூலைத் துண்டோ அடியில் கிடக்கும். ஈரத்துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, முறுக்கு இல்லாமல் திரும்பப் பொருத்துங்கள். துடைத்த பிறகும் அதே பக்கம் தாள் வழுக்கினால் தாழ்ப்பாள் தளர்ந்துவிட்டது, டப்பாவை மாற்றுங்கள். தாழ்ப்பாளுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டலாமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஃபாயில்பித்தன் · 17 நவம்பர், 11:42

மூடுன அன்னைக்கு எழுதி வச்ச எடையைவிட 13 கிராம் கூட. ஸ்லீவ் மூலைத் துண்டு, வலது பக்கம்.